மாலையில் மேற்கே, காலையில் கிழக்கே: தேம்ஸ் ஆற்றுக் கடற்காகங்களின் அன்றாடக் கணக்கு

டிசம்பர் மாதக் கடைசியில் லண்டனில் சூரியன் மாலை 4 மணியளவிலேயே மறைந்துவிடுகிறது. அதற்கு முக்கால் மணி நேரம் முன்னதாக பட்னி, ஹேமர்ஸ்மித் பாலங்களில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒரு போக்குவரத்து தொடங்கியிருக்கும். வெள்ளைப் பறவைகள் பத்தும் இருபதுமாக, சில வேளை அம்புமுனை போலவும் சில வேளை நெளிந்த கோடு போலவும், ஆற்றை ஒட்டியே மேற்கு நோக்கிப் போகும். பகலெல்லாம் ரொட்டித் துண்டுக்குச் சண்டையிட்டுக் கத்திய பறவைகள்தான் இவை. ஆனால் இப்போது பெரும்பாலும் சத்தமே இராது. இருட்டும் வரை அணி அணியாக வந்துகொண்டிருக்கும். மறுநாள் விடியும் முன்பே அதே ஆற்றின் மேல் எதிர்த்திசையில் திரும்பி வரும்.

இதை முதன்முறை பார்க்கிறவர்களுக்கு எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் மூன்று. இது வலசையா? கடலில் புயல் அடித்ததால் உள்நாட்டுக்கு ஒதுங்குகின்றனவா? ஊரை விட்டே போகின்றனவா? மூன்றுக்கும் இல்லை என்பதே பதில். இவை தூங்கப் போகின்றன. தூங்குகிற இடம் எது, இரை கிடைக்கிற இடம் எது என்று இரண்டு புள்ளிகளைக் குறித்துக்கொண்டால், இந்தப் பறவைகளின் ஒரு நாள் முழுவதும் விளங்கிவிடும். அந்த இரண்டு புள்ளிகளையும் மனிதர்களே திரும்பத் திரும்ப இடம் மாற்றியிருக்கிறார்கள். கடந்த நூறு ஆண்டுகளில் பறவைகளின் பாதை மாறியதற்குக் காரணம் அதுதான்.

முதலில் சில சொற்கள்

1. கடற்காகம்: பேச்சில் கடற்புறா என்றும் சொல்வோம். காகத்துக்கும் புறாவுக்கும் இதற்கும் உறவு கிடையாது. ஆலாக்களும் உள்ளான்களும் சேர்ந்த பெருங்குடும்பம் இதனுடையது. ஆனால் எதையும் தின்னும் வயிறு, மனிதர்களை நோட்டம் விடும் கண், அந்தியில் கூட்டமாகத் திரும்பும் வழக்கம் ஆகியவற்றைப் பார்த்தால் காகம் என்று பெயர் வைத்தவரின் கவனிப்பு துல்லியமானது என்றே தோன்றுகிறது.

2. வலசை: பருவம் மாறும்போது இனப்பெருக்க இடத்துக்கும் குளிர்கால இடத்துக்கும் இடையே நடக்கும் நெடும்பயணம். ஆண்டுக்கு ஒருமுறை போய், ஒருமுறை திரும்புவது.

3. அடைதல்: பறவை இரவு தங்குவது. காகம் மரத்தில் அடைகிறது, கோழி கூண்டில் அடைகிறது என்று சொல்கிறோமே, அதே சொல்தான். கடற்காகங்கள் மரத்தில் அடைவதில்லை. திறந்த நீர்ப்பரப்பிலோ மணல் திட்டிலோதான் இரவைக் கழிக்கும்.

4. பறப்புத் தடம்: அடையும் இடத்துக்கும் இரை தேடும் இடத்துக்கும் இடையே நாள்தோறும் பறவைகள் பயன்படுத்தும் வழி. வரைபடத்தில் இல்லாவிட்டாலும் சாலை போலவே நிலையானது.

தேம்ஸ் மேல் மாலையில் நாம் பார்ப்பது நான்காவது.

யார் இந்தப் பயணிகள்

ஐந்து வகைக் கடற்காகங்கள் குளிர்காலத்தில் லண்டனில் சாதாரணமாகத் தென்படும். ஆற்றுத் தடத்தில் பெரும்பான்மை கருந்தலைக் கடற்காகம்தான். பெயரில் கருந்தலை இருந்தாலும் குளிர்காலத்தில் அதற்கு வெள்ளைத் தலை. கண்ணுக்குப் பின்னால் மைப்பொட்டு வைத்தது போல ஒரு கரும்புள்ளி மட்டும் மிஞ்சியிருக்கும். அலகும் காலும் சிவப்பு. எடை கால் கிலோவிலிருந்து சற்றுக் கூடுதலாக இருக்கலாம், அவ்வளவுதான். இனப்பெருக்க காலத்தில் தலை அடர்ந்த காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறும்.

பிரிட்டனில் குளிர்காலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கருந்தலைக் கடற்காகங்கள் தங்குவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை வெளியூர்க்காரப் பறவைகள். காலில் வளையமிட்ட பறவைகளைத் தேடிப் பார்த்ததில் பின்லாந்து, போலந்து, பால்டிக் நாடுகள், நெதர்லாந்து என்று பல ஊர்கள் தெரியவந்தன. இதே இனத்தின் ஆசியக் கிளையினர்தான் குளிர்காலத்தில் பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் வந்து இறங்குகின்றன. அங்கே அவற்றோடு திபெத்திய மேட்டுநில ஏரிகளில் முட்டையிடும் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் கலந்திருக்கும்.

ஆக, வலசை உண்டு. ஆனால் அது இலையுதிர் காலத்திலேயே முடிந்துபோன பயணம். லண்டனுக்கு வந்து சேர்ந்த பிறகு மார்ச் வரை நாள் தவறாமல் நடப்பது வேறு பயணம்.

படுக்கை ஏன் மேற்கே இருக்கிறது

கடற்காகத்துக்கு இரவில் வேண்டியது ஒன்றே ஒன்று. நரி நெருங்க முடியாத, நாலாபுறமும் பார்வை தடைபடாத இடம். அகன்ற நீர்ப்பரப்பின் நடுவே மிதந்தபடி உறங்கினால் எதிரி வரும் சலனம் தண்ணீரிலேயே தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கில் சேர்ந்து மிதந்தால் இன்னும் பாதுகாப்பு. எப்போதும் யாராவது ஒருவர் விழித்திருப்பார்.

19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை லண்டன் நகருக்குள் கடற்காகம் அபூர்வம். 1880களிலும் 1890களிலும் அடுத்தடுத்து வந்த கடுங்குளிர்காலங்களில்தான் அவை கூட்டமாக ஆற்றின் வழியே நகருக்குள் ஏறி வந்தன. 1895 பிப்ரவரியில் தேம்ஸில் பனிக்கட்டிப் பாளங்கள் மிதந்தன. பாலங்களில் நின்ற மக்கள், மதிய உணவு இடைவேளையில் வந்த தொழிலாளர்கள் உட்பட, மிச்சம் மீதியைப் பறவைகளுக்கு வீசினார்கள். ஒரு கடுங்குளிரில் கற்ற பாடத்தை அந்தப் பறவைகள் மறக்கவில்லை. குளிர் கடுமையாக இல்லாத ஆண்டுகளிலும் வரத் தொடங்கின.

ஆனால் அந்தக் காலத்தில் மாலையில் அவை போன திசை கிழக்கு. கழிமுகத்தின் சேற்றுத் திட்டுகளும் கடல் நீரும்தான் அப்போது படுக்கை. இன்று நடு லண்டனிலும் மேற்கு லண்டனிலும் பார்க்கிற பறவைகள் போவது மேற்கு. திசை தலைகீழாக மாறியதற்குக் காரணம் குடிநீர்.

பெருகிய நகரத்தின் தாகத்தைத் தீர்க்க, மேற்குப் புறநகரில் தேம்ஸ் நீரை ஏற்றிச் சேமிக்கும் பெரிய நீர்த்தேக்கங்களைக் கட்டினார்கள். ஸ்டெயின்ஸ் தேக்கங்கள் 1902இல் வந்தன. குயின் மேரி தேக்கம் 1925இல் திறக்கப்பட்டது. கிங் ஜார்ஜ் VI தேக்கம் 1947இல். பிறகு ரேஸ்பரி, 1976இல் குயின் மதர். வடக்கே லீ ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1913இல் கிங் ஜார்ஜ் V, 1951இல் வில்லியம் கர்லிங். இவை பள்ளத்தில் கிடக்கும் ஏரிகள் அல்ல. தரைமட்டத்துக்கு மேல் கரை எழுப்பி, உயரத்தில் தேக்கி வைத்த தண்ணீர். கரையைச் சுற்றி வேலி, உள்ளே மனித நடமாட்டம் சொற்பம், ஆழம் அதிகம் என்பதால் எளிதில் உறைவதுமில்லை. கடற்காகத்தைக் கேட்டுக் கட்டியிருந்தால்கூட இதைவிடப் பொருத்தமாக அமைந்திருக்காது.

வெஸ்ட்மின்ஸ்டரிலிருந்து குயின் மேரி தேக்கம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் நாற்பது நிமிடத்துக்குள் போய்விடலாம். கழிமுகத்துக்குப் போவதைவிட இது குறைந்த செலவு. எல்லாப் பறவைகளும் மேற்கே போவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கு லண்டனில் இரை தேடுபவை கழிமுகத்துக்கோ லீ பள்ளத்தாக்குக்கோ போகின்றன. எந்தப் படுக்கை அருகில் இருக்கிறதோ அதற்குத்தான் பெரும்பாலும் முன்னுரிமை.

மூன்று கடிகாரங்கள்

இரவு எங்கே என்பது நிலையானது. பகலில் எங்கே, எப்போது என்பதுதான் சிக்கலானது. அதை மூன்று கடிகாரங்கள் தீர்மானிக்கின்றன. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை.

1. சூரியக் கடிகாரம்

டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. குளிரில் உடல் சூட்டைக் காக்க உணவு அதிகம் வேண்டும், தேட நேரமோ குறைவு. அதனால்தான் விடியும் முன்பே புறப்பாடு, மறையும் வரை வேலை. மேகம் கவிந்த நாளில் மாலைத் திரும்பல் சற்று முன்கூட்டியே நடக்கும். பறவைகள் பார்ப்பது கைக்கடிகாரத்தை அல்ல, வெளிச்சத்தை.

2. சந்திரக் கடிகாரம்

தேம்ஸ் லண்டனுக்குள் ஓடும்போது பாதி ஆறு, பாதி கடல். டெடிங்டன் மதகு வரை கடலின் ஏற்றமும் வற்றமும் வருகின்றன. லண்டன் பாலத்தருகே உவாவை (அமாவாசை, பௌர்ணமியை) ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் 6 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். இரண்டு மாடி உயரம். தண்ணீர் வற்றும்போது இருகரையிலும் கல்லும் சேறும் வெளிப்படுகின்றன. அந்தச் சேற்றில் புழுக்களும் சிறு நத்தைகளும் கணுக்காலி உயிர்களும் இருக்கின்றன. கடற்காகத்துக்கு அது திறந்து வைத்த கடை.

ஆனால் இந்தக் கடை திறக்கும் நேரம் நாள்தோறும் நகர்கிறது. சந்திரனைப் பின்பற்றுவதால் ஏற்றவற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். திங்கட்கிழமை காலை 10 மணிக்கு வற்றம் என்று வைத்துக்கொண்டால் செவ்வாய் 10.50, புதன் 11.40, வியாழன் 12.30, வெள்ளி பிற்பகல் 1.20. அடுத்த திங்கள் அது 3.50க்கு வந்துவிடும். டிசம்பரில் அது சூரியன் மறையும் நேரம். அந்த வாரத் தொடக்கத்தில் முற்பகல் முழுக்க ஆற்றங்கரையில் நின்ற பறவை, வாரக் கடைசியில் அதே முற்பகலில் அதே இடத்தில் இராது. கரை நீருக்கடியில் இருக்கும். அது பூங்காவுக்கோ மைதானத்துக்கோ போயிருக்கும். பிற்பகலில் சேறு தலைகாட்டும்போது திரும்பும்.

"நேற்று இங்கே நூறு பறவை இருந்தது, இன்று ஒன்றுமில்லை" என்று குழம்புகிறவர்கள் ஓத அட்டவணையைப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வற்றம் ஆறு முழுவதும் ஒரே நேரத்தில் வருவதில்லை. கழிமுகத்தில் உள்ள சவுத்தெண்டுக்கு வந்த பிறகு, ஒரு மணி நேரத்துக்கும் மேல் பிந்தித்தான் லண்டன் பாலத்துக்கு வருகிறது. அதனால் ஓரிடத்தில் சேறு மூடினாலும் மேலே வேறோரிடத்தில் இன்னும் திறந்தே இருக்கும். ஆற்றின் நீளம் முழுவதையும் பயன்படுத்துகிற பறவைக்குச் சாப்பாட்டு நேரம் நீள்கிறது. பகல் நேரத்தில் ஆற்றின் மேலும் கீழும் நடக்கிற சிறு சிறு நகர்வுகளுக்கு இது முக்கியமான காரணம்.

3. மனிதக் கடிகாரம்

ஆறு மூடியிருக்கும்போது நகரம் திறந்திருக்கிறது. பூங்காவில் ரொட்டி, சந்தையில் கழிவு, மைதானத்தில் மண்புழு.

மைதானத்தில் அது இரை தேடும் விதத்தை நின்று பார்க்க வேண்டும். மழை பெய்து ஓய்ந்த கால்பந்து மைதானம். ஒரு கடற்காகம் தனியே, நின்ற இடத்தை விட்டு நகராமல், இரண்டு கால்களையும் மாறி மாறி வேகமாகத் தரையில் தட்டுகிறது. உடல் அசைவதில்லை, கால்கள் மட்டும் தாளம் போடுகின்றன. சில நொடிக்கு ஒருமுறை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துத் தன் கால்களுக்கு நடுவே பார்க்கிறது. மறுபடி தட்டுகிறது. திடீரென்று ஒரு கொத்து. அலகில் மண்புழு நெளிகிறது. தரையின் அதிர்வை மழை என்று நினைத்துப் புழு மேலே வருகிறது என்பது ஒரு விளக்கம். மண்ணுக்கடியில் புழு தின்று வாழும் விலங்கு குடைந்து வருகிறது என்று அஞ்சித் தப்ப வருகிறது என்பது இன்னொரு விளக்கம். எப்படியானாலும் பறவைக்கு வேலை முடிகிறது.

மனிதர்களின் நேர அட்டவணையை இவை எவ்வளவு துல்லியமாகப் படிக்கின்றன என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் நடந்த ஆய்வு நல்ல சான்று. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 கடற்காகங்களின் முதுகில் சிறிய ஜிபிஎஸ் கருவிகளைப் பொருத்தி, அவை போகும் இடங்களையும் நேரங்களையும் பதிவு செய்தார்கள். முடிவு 2020இல் வெளியானது. பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடிக்கும் நேரத்தை ஒட்டிப் பறவைகள் வந்து கூடின. குப்பை பிரிக்கும் மையத்தில் வண்டிகள் கொட்டும் நேரத்தை ஒட்டி வந்தன. பூங்காவில் மட்டும் இயற்கை இரை எப்போது கிடைக்கிறதோ அதற்கேற்ப. அவை கருந்தலை இனமல்ல, உருவில் பெரிய வேறோர் இனம். ஆனால் கற்றுக்கொள்ளும் திறன் இந்தக் குடும்பத்துக்கே பொது.

காசிக்குக் குளிர்காலத்தில் போனவர்கள் இதையே கங்கையில் பார்த்திருப்பார்கள். விடியற்காலைப் படகு புறப்பட்டதும் கடற்காகங்கள் சூழ்ந்துகொள்ளும். படகோட்டி கையில் காராச்சேவுப் பொட்டலம் இருப்பது அவற்றுக்குத் தெரியும். படித்துறையில் முதல் படகு அசையும் நேரமும் தெரியும். படகில் இருக்கிறவர்களுக்கு அது மகிழ்ச்சியான காட்சிதான். ஆனால் எண்ணெயில் பொரித்த உப்புப் பண்டம் மீன் தின்னும் பறவைக்கு ஏற்ற உணவல்ல என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஆற்றை ஒட்டியே ஏன் பறக்க வேண்டும்

தேம்ஸ் லண்டனுக்குள் பாம்பு போல வளைகிறது. நேர்க்கோட்டில் போனால் தூரம் குறையுமே என்று கேட்கலாம். சில கூட்டங்கள் வளைவுகளைக் குறுக்கே வெட்டித்தான் போகின்றன. ஆனாலும் பெருவாரியான போக்குவரத்து ஆற்றின் மேலேயே நடக்கிறது. காரணங்களை இப்படிப் பிரிக்கலாம்.

1. அடையாளம். மங்கிய வெளிச்சத்தில் மேலிருந்து பார்த்தால் கட்டடக் காட்டுக்கு நடுவே பளிச்சென்று தெரிவது நீர்தான். முதல் குளிர்காலத்தைச் சந்திக்கும் இளம் பறவைக்கும் வழி தவறாது.

2. காற்று. உயரமான கட்டடங்கள் காற்றைக் கலைத்துச் சுழல வைக்கின்றன. ஆற்றின் மேல் அந்தத் தொல்லை குறைவு. எதிர்க்காற்று வீசும் நாளில் பறவைகள் நீர்மட்டத்தை ஒட்டித் தாழப் பறக்கும், பின்காற்று இருந்தால் உயர ஏறும். பரப்புக்கு அருகில் காற்றின் வேகம் குறைவு என்பதே கணக்கு. கட்டடங்களையே சாதகமாகப் பயன்படுத்துவதும் உண்டு. வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி கடற்கரையில், விடுதி வரிசையில் மோதி மேலெழும் காற்றில் சிறகடிக்காமல் மிதந்து போகிற கடற்காகங்களை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

3. வழியில் கிடைக்கும் இரை. போகிற போக்கில் சேற்றுக் கரை திறந்திருந்தால் இறங்கி இன்னும் இரண்டு வாய் தின்றுவிட்டுப் போகலாம்.

நான் இந்த மூன்றில் முதலாவதற்கே அதிக எடை கொடுப்பேன். காற்றே இல்லாத நாளிலும், கரை முழுவதும் நீர் மூடிய நாளிலும் தடம் மாறுவதில்லை.

அடையும் முன் ஒரு கூடல்

பறவைகள் இரை தேடிய இடத்திலிருந்து நேரே படுக்கைக்குப் போவதில்லை. வழியில் ஒரு மைதானத்திலோ ஆற்றின் அகன்ற வளைவிலோ சேர்கின்றன. அங்கே குளிக்கின்றன, தண்ணீர் குடிக்கின்றன, இறகு கோதுகின்றன. கடல்நீரையும் குடிக்கக்கூடிய பறவை இது. கண்ணுக்கு மேலுள்ள சுரப்பிகள் மிகையான உப்பைப் பிரித்து மூக்கு வழியே வெளியேற்றிவிடும். இருந்தும் நன்னீர் கிடைத்தால் அதைத்தான் விரும்புகிறது. பிறகு ஏதோ ஒரு கணத்தில் மொத்தக் கூட்டமும் எழும்பித் தேக்கம் நோக்கிப் போகும்.

இத்தனை ஆயிரம் பறவைகள் ஓரிடத்தில் அடைவதால் பாதுகாப்பைத் தவிர வேறு பயனும் உண்டா? 1973இல் பறவை ஆய்வாளர்கள் பீட்டர் வார்டும் அமோட்ஸ் ஸஹாவியும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அடையும் இடம் என்பது செய்தி நிலையம். நேற்று பட்டினி கிடந்த பறவை, இன்று காலை வயிறு நிறைந்த பறவை எந்தத் திசையில் தெளிவாகப் புறப்படுகிறது என்று கவனித்துப் பின்தொடரும் என்பது அவர்கள் வாதம். இது இன்னும் விவாதத்தில் இருக்கிற கருத்து. ஆனால் தேம்ஸ் தடத்தைப் பொறுத்தவரை, ஊருக்குப் புதிதாக வந்த இளம் பறவை முதல் வாரத்திலேயே சரியான பூங்காவில் இறங்குவதற்கு இது பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

குப்பை இடம் மாறியபோது

படுக்கையை மாற்றியது குடிநீர்த் தேக்கம் என்றால், இரையின் இடத்தை மாற்றியது குப்பை.

20ஆம் நூற்றாண்டில் லண்டனின் குப்பையில் ஒரு பெரும்பகுதி தோணிகளில் ஏற்றப்பட்டு தேம்ஸ் வழியாகவே எசெக்ஸ் கரைக்குப் போனது. மக்கிங் என்ற இடத்தில் பல பத்தாண்டுகள் கொட்டிப் புதைத்தார்கள். கடற்காகங்களுக்கு, குறிப்பாக உருவில் பெரிய இனங்களுக்கு, அது வற்றாத களஞ்சியம். கழிமுகம் அருகிலேயே படுக்கை, படுக்கை அருகிலேயே சோறு. பிறகு கொள்கை மாறியது. உணவுக் கழிவைத் தனியே பிரிப்பது, எஞ்சியதை எரித்து மின்சாரம் எடுப்பது என்று நகரம் திரும்பியது. மக்கிங் மூடப்பட்டது. அந்தக் குப்பைமேட்டின் மேல் மண் மூடி இன்று இயற்கைப் பூங்கா இருக்கிறது. தோணிகள் இப்போது ஆற்றங்கரையிலுள்ள பெல்வெடேர் எரியுலைக்குப் போகின்றன. தோணிகள் அதே ஆற்றில்தான் ஓடுகின்றன, ஆனால் பறவைக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை.

குப்பைக் கிடங்கு மூடினால் அங்கே தின்ற பறவைகள் மாயமாய் மறைந்துவிடுவதில்லை. சில வேறு கிடங்குக்குப் போகும், சில வயலுக்கு, சில நகரத் தெருவுக்கு. "எங்கள் தெருவில் திடீரென்று கடற்காகத் தொல்லை" என்ற புகார் எழும்போது, அந்தத் தெருவில் என்ன மாறியது என்று மட்டும் தேடினால் போதாது. முப்பது கிலோமீட்டர் தள்ளி எந்தக் கிடங்கு மூடப்பட்டது என்றும் பார்க்க வேண்டும்.

விமானத்துக்கும் தண்ணீருக்கும் என்ன ஆபத்து

ஹீத்ரோ விமான நிலையம் 1946இல் பயணிகளுக்குத் திறந்தது. அதற்கு முன்பே ஸ்டெயின்ஸ், குயின் மேரி தேக்கங்கள் இருந்தன. இன்று விமான நிலையத்தின் மேற்கிலும் தெற்கிலும் சில கிலோமீட்டருக்குள் பல தேக்கங்கள் கிடக்கின்றன. அதாவது உலகின் மிகப் பரபரப்பான விமான நிலையங்களில் ஒன்றின் வாசலிலேயே ஆயிரக்கணக்கான பறவைகளின் படுக்கை.

பறவை மோதலில் எண்ணிக்கையும் எடையும் நேரமும் முக்கியம். கால் கிலோப் பறவை ஒன்று மோதினால் பெரும்பாலும் விமானம் தாங்கும். கூட்டமாகப் புகுந்தால் கதை வேறு. 2019 ஆகஸ்ட் 15 அன்று மாஸ்கோ அருகே ஜுகோவ்ஸ்கி விமான நிலையத்திலிருந்து காலை 6 மணி கடந்து புறப்பட்ட யூரல் ஏர்லைன்ஸ் விமானம் கடற்காகக் கூட்டத்தில் மோதியது. இரண்டு எந்திரங்களும் பாதிக்கப்பட்டன. விமானி சோளக்கொல்லையில் இறக்கினார். விமானத்தில் இருந்த 233 பேரும் உயிர் பிழைத்தார்கள். விமானம் புறப்பட்டது, படுக்கையை விட்டுப் பறவைகள் இரை தேடிக் கிளம்பும் அதே அதிகாலை நேரம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதனால்தான் பிரிட்டனில் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 13 கிலோமீட்டர் வட்டத்துக்குள் புதிய குப்பைக் கிடங்கோ நீர்நிலையோ அமைக்க விண்ணப்பம் வந்தால் பறவை மோதல் கோணத்திலும் ஆராய்கிறார்கள். ஓடுபாதையிலிருந்து பறவையை விரட்டுவது கடைசி நேரச் சமாளிப்புதான். படுக்கையையும் இரையையும் இணைக்கும் கோடு ஓடுபாதையைக் குறுக்கே வெட்டாமல் பார்த்துக்கொள்வதே தீர்வு.

தண்ணீர் விஷயத்தில் கவலை வேறு மாதிரி. பகலெல்லாம் கண்ட இடத்தில் தின்ற பறவைகள் இரவில் குடிநீர்த் தேக்கத்தில் எச்சமிடுகின்றன. சுத்திகரிப்பில் அது நீங்கிவிடுகிறது என்றாலும் சுமை கூடுகிறது. சில தேக்கங்களில் பறவைகளின் அபாயக் குரலைப் பதிவு செய்து ஒலிபரப்பி விரட்டியிருக்கிறார்கள்.

நோய்க்கும் இந்தத் தடங்களுக்கும் தொடர்புண்டு. 2023இல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பிரிட்டனின் கருந்தலைக் கடற்காகக் குடியிருப்புகளைக் கடுமையாகத் தாக்கியது. பகலில் பத்துப் பூங்காக்களில் சிதறியிருந்து இரவில் ஒரே நீரில் நெருக்கியடித்து அடைகிற பறவை எங்கெங்கே போய்வருகிறது என்று தெரியாமல், அந்த நோயின் போக்கைக் கணிக்க முடியாது.

எப்படி எண்ணுகிறார்கள்

பகலில் நகரம் முழுக்கச் சிதறிய பறவைகளை எண்ணுவது நடக்காத காரியம். எல்லாம் ஓரிடத்துக்கு வரும் மாலையில் எண்ணலாம். 1953 முதல் பிரிட்டனில் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை இப்படிக் குளிர்கால அடையுமிடக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. தன்னார்வலர்கள் தேக்கக் கரையில் நின்று, வந்து இறங்கும் அணிகளைப் பத்துப் பத்தாக எண்ணுகிறார்கள். இருட்டிய பிறகும் வருபவை உண்டு, அவை கணக்கில் விடுபடும்.

ஒரு பாலத்தில் நின்று தானே பார்க்க விரும்புகிறவருக்குச் சில குறிப்புகள்:

1. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோதான காலம். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இடம் பிடித்துவிட வேண்டும்.

2. ஆற்றின் குறுக்கே ஒரு கற்பனைக் கோட்டை வைத்துக்கொண்டு, அதைக் கடப்பவற்றை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிக்கொண்டால் எந்த வேளையில் உச்சம் என்று தெரியும்.

3. அன்றைய வற்ற நேரத்தையும் காற்றின் திசையையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். அவை இல்லாத எண்ணிக்கையை மறுநாளோடு ஒப்பிட முடியாது.

4. காலில் வளையம் தெரிந்தால் அதன் நிறத்தையும் எழுத்துகளையும் குறித்துக்கொள்ளலாம். ஓர் எழுத்துத் தெளிவாகக் கிடைத்தால்கூட வளையமிட்டவர்களுக்கு உதவும்.

வளையம் சொல்லும் செய்திகளில் வியப்பான ஒன்று, இவற்றின் இடப்பற்று. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் முட்டையிட்டு வளர்த்துவிட்டு, அடுத்த குளிருக்கு அதே பூங்காவின் அதே ஏரிக்கரைக்குத் திரும்பும் பறவைகள் பல. மாலை அணியில் போகும் ஆயிரம் பறவைகளில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலையிடம் இருக்கிறது. பொதுவானவை பாதையும் படுக்கையும் மட்டுமே.

பிப்ரவரி கடைசியில் கண்ணுக்குப் பின்னாலிருக்கும் மைப்பொட்டு விரியத் தொடங்கும். சில வாரங்களில் தலை முழுவதும் காப்பி நிறமாகிவிடும். மார்ச்சில் மாலை அணிகள் மெலியும். ஏப்ரலில் பாலத்தில் நின்றால் முதிராத சில பறவைகள் மட்டுமே கடந்து போகும். ஆறு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும், சேறு திறந்து மூடும். ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ, லண்டனில் கோடை உச்சத்தில் இருக்கும்போதே, தலையில் காப்பி நிறம் இன்னும் கலையாத முதல் பறவைகள் திரும்பி வந்து, போன குளிருக்கு நின்ற கரையில் மறுபடி இறங்கும்.